இரண்டு கிளாஸ், ஒரு மிடறு

பாசிக்குடாக் கரையில் புது ஹோட்டல்கள் எழும்பிய பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். பழைய ஆள் என்று என்னைக் கூப்பிட்டு உங்களோடு கொஞ்சம் கதைக்கச் சொன்னார்கள். ஷம்பெயின் போத்தலை எப்படிச் சரித்துப் பிடிப்பது, தக்கையைச் சத்தமில்லாமல் எப்படிக் கழற்றுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். பயிற்சியில் வராத இரண்டு சம்பவங்களைச் சொல்லிவிட்டுப் போகிறேன். இரண்டிலும் என் கையில் இருந்தது ஒரே சரக்கு.

மட்டக்களப்பு டவுனில் வாவியைப் பார்த்தபடி இருந்த சின்ன ஹோட்டல் ஒன்றில் பரிமாறல் பகுதி என் பொறுப்பில் இருந்தது. அதற்கு முன் சில வருடம் வளைகுடாவில் பெரிய ஹோட்டல் ஒன்றில் வேலை செய்திருந்தேன். சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. வெள்ளைக்காரர் வரத் தொடங்கியிருந்தார்கள். புதுவருசத்துக்கு ஷம்பெயின் வைக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. கொழும்பில் சொல்லி ஒரு பெட்டி எடுப்பித்தார். உண்மையான ஷம்பெயின்தான். ஆனால் பேர்பெற்ற சரக்கு இல்லை. பிரான்சில் யாரோ ஒரு சின்னத் தோட்டக்காரர் செய்தது, எங்களைப் போன்ற ஹோட்டலுக்குக் கட்டுப்படியாகிற ரகம். லேபிளில் 'புரூட்' என்று இருந்தது. இனிப்பு அநேகமாக இல்லை என்று அர்த்தம்.

பெட்டி வந்த அன்றைக்கே ஒன்றைத் திறந்து ருசி பார்த்தோம். முதலாளி முகத்தைச் சுளித்தார். சீனியே இல்லை, வாற ஆட்கள் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று கவலைப்பட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. முதலில் பச்சை மாங்காய்ப் புளிப்பு. பிறகு பேக்கரிப் போறணையில் இருந்து எடுத்த பாணின் கருகின ஓரம் மாதிரி ஒரு வாசம். விழுங்கிய பிறகு வாய் சுத்தமாக இருந்தது. மலிவான சரக்கில் பொய் இல்லாதது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் நத்தாருக்கு வந்து தங்கியவர்களில் மார்ட்டின், ஆனா என்று ஒரு வெள்ளைக்காரத் தம்பதி இருந்தார்கள். இரண்டு பேரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஆனா குசினிக்குள் வந்து, சமையலுக்குப் பொறுப்பாக இருந்த புஸ்பம் அக்காவிடம் தமிழ்ச் சொல் கேட்டுக் கேட்டுப் பழகுவார். வருசத்தின் கடைசி நாள் அவர்களுடைய கலியாண நாள். அன்றைக்குப் பின்னேரம் வாவிப் பக்கத்து விறாந்தையில் ஒரு போத்தல் வேண்டும் என்று ஆனா என்னிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

நத்தாருக்கு மறுநாள் காலை சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் ஆட்டோவில் கல்லடிக் கடற்கரைக்குப் போனார்கள்.

அன்றைக்குக் கடல் ஊருக்குள் வந்த கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் எத்தனை வீட்டில் அந்தக் கதை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஹோட்டல் வாவிப் பக்கம் இருந்ததால் தப்பியது. களுதாவளையில் என் வீட்டு முற்றம் வரை தண்ணீர் வந்து திரும்பியது, மனைவியும் பிள்ளைகளும் பிழைத்தார்கள். நாவலடியிலும் கல்லடியிலும் இருந்து வந்தவர்களுக்கு எங்கள் மண்டபத்தைத் திறந்துவிட்டோம். புஸ்பம் அக்கா பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சினார். வெள்ளை மேசைத்துணிகள் முழுவதையும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தோம். எதற்கென்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மார்ட்டினைத் தென்னை மரம் ஒன்றில் இருந்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். கை கிழிந்து தையல் போட்டிருந்தது. ஆனாவைக் காணவில்லை. மார்ட்டின் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கும், ஆட்களை வைத்திருந்த பள்ளிக்கூடங்களுக்கும், உடல்களைக் கிடத்தியிருந்த இடங்களுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வந்து கதிரையில் இருப்பார். சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவார். எடுத்தால் எடுத்ததைக் கவனிக்க மாட்டார்.

வருசத்தின் கடைசி நாள் பின்னேரம் அவர் சவரம் செய்து, கழுவின சேட் ஒன்று போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்தார். ஆனா சொல்லி வைத்த போத்தலைக் கொண்டுவர முடியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

நான் முதலாளியிடம் போனேன். அவருக்குக் கோபம் வந்தது. ஊர் முழுக்கச் சாவீடாகக் கிடக்கிறது, மண்டபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சனம் இருக்கிறது, அவர்களுக்கு முன்னால் ஷம்பெயின் உடைப்பதா என்று கேட்டார். அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் போத்தல் கொண்டாட்டத்துக்குக் கேட்டது இல்லை என்று எனக்குத் தோன்றியது. மார்ட்டினுடைய மனைவி சொல்லி வைத்தது அது, அவர் அதைக் கேட்டு வந்திருக்கிறார், என்றேன். முதலாளி மண்டபத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "உங்களுக்குச் சரியெண்டு பட்டதச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கரண்ட் இல்லை, ஐஸ் இல்லை. போத்தலை வாளியில் வைத்துக் கிணற்றில் இறக்கிக் குளிரவிட்டேன். அதுவரை வேலை ஓடியது. கிளாஸ் அலுமாரியைத் திறந்தபோதுதான் கை நின்றுவிட்டது.

எத்தனை கிளாஸ் எடுப்பது?

ஒன்று கொண்டுபோனால், உன் மனைவி செத்துவிட்டாள் என்று நான் அவருக்குச் சொன்ன மாதிரி. யாரும் இன்னும் அதை அவரிடம் சொல்லவில்லை. இரண்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால், வராத ஒருவருக்கு நான் இடம் போட்ட மாதிரி. பகிடி பண்ணுகிறேன் என்று அவர் நினைத்தாலும் குற்றமில்லை. அலுமாரிக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். குசினியில் இருந்து புஸ்பம் அக்கா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கடைசியில் இரண்டையும் துடைத்துத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். கிளாஸைத் தூக்கி மேசையில் வைக்கவில்லை. தட்டை அப்படியே அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, போத்தலைத் திறப்பதற்காகக் கொஞ்சம் தள்ளி நின்றேன். மேசையில் துணி இல்லை, வெறும் பலகை.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தையல் போடாத கையால் ஒரு கிளாஸைத் தூக்கித் தனக்கு முன்னால் வைத்தார். மற்றதைத் தூக்கி எதிர்க் கதிரைக்கு முன்னால் வைத்தார்.

"இரண்டிலும் ஊற்றுங்கள்" என்றார்.

தக்கையைக் கைக்குள்ளேயே அமர்த்தி எடுத்தேன். இரண்டிலும் ஒரே அளவாக ஊற்றினேன். அவர் தன் கிளாஸை எடுத்து ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இனிப்பே இல்லை, அவளுக்குப் பிடித்திருக்கும் என்றார்.

மண்டபத்து வாசலில் நாவலடியில் இருந்து வந்த மீன்பிடிக்காரர் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளையும் அலை கொண்டுபோயிருந்தது. அவர் எங்கள் பக்கம் நடந்து வந்தார். சண்டை பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து இடையில் போய் நின்றேன். வெள்ளைக்காரர் என்ன குடிக்கிறார் என்று கேட்டார். நான் சொன்னேன். இன்றைக்கு அவர்களுடைய கலியாண நாள், மனைவியை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றும் சொன்னேன்.

அவர் எதிர்க் கதிரைக்கு முன்னால் இருந்த கிளாஸைப் பார்த்தார். அதில் நுரைக் குமிழிகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன.

"அந்தக் கிளாஸ நீங்க எடுத்துப் போடாதீங்க" என்றார். "அவர் எழும்பிப் போகுமட்டும் இருக்கட்டும்."

சொல்லிவிட்டு விறாந்தைப் படியில், மார்ட்டினுக்குக் கீழே, வாவியைப் பார்த்தபடி அவரும் இருந்துகொண்டார். இரண்டு பேருக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. இருட்டும் வரை அப்படியே இருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆனாவின் உடல் கிடைக்கவில்லை. சில நாளில் அவருடைய நாட்டு ஆட்கள் வந்து மார்ட்டினைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிள்ளைகளே, இதில் நான் படித்தது இவ்வளவுதான். ஒரு மேசையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதை நாங்கள் முடிவுசெய்யக் கூடாது. கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கத் தெரிய வேண்டும்.

அந்தப் பெட்டியில் மிஞ்சிய போத்தல்களை முதலாளி விற்க விடவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டறையில் கிடந்தன. அதற்குள் சண்டை திரும்பவும் தொடங்கிவிட்டது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் புஸ்பம் அக்காவின் வீட்டுக்குள் புகுந்து அவருடைய ஒரே மகன் குகனை இயக்கத்துக்காரர் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டு போனார்கள். படிக்கிற வயசு. பிறகு வடக்கே வன்னிக்குக் கொண்டுபோய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் பக்கம் சண்டை முடிந்து, வடக்கே மும்முரமாகிய காலத்தில் புஸ்பம் அக்கா வேலைக்கு வராமல் நின்றதே இல்லை. வீட்டில் இருந்தால் றேடியோ கேட்க வேண்டி வரும் என்பார்.

அந்த மே மாதம் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்த நாள், மத்தியானச் சாப்பாட்டு வேளைக்கு முன்னாலேயே டவுனில் வெடி கொளுத்தத் தொடங்கிவிட்டார்கள். பாலத்தடியில் கொடி கட்டினார்கள். பாதை போடுகிற வேலையைக் கொந்தராத்துக்கு எடுத்த ஒருவர் எங்கள் ஹோட்டலில் மாதக்கணக்காகத் தங்கியிருந்தார். தெற்கே இருந்து வந்த சிங்களவர். சிங்களத்தில் ஐயா என்கிற மாதிரி, நாங்கள் மாத்தையா என்றுதான் கூப்பிடுவோம். சத்தம் போட்டுக் கதைக்காத மனுசன். அன்றைக்குத் தன் கீழ் வேலை செய்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து நீள மேசையில் இருந்தார். ஷம்பெயின் இருக்கிறதா என்று முதலாளியிடம் கேட்டார்.

முதலாளி பயந்துபோயிருந்தார். அன்றைக்கு இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும். இருக்கிறது என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

என்னோடு பரிமாற நின்றவர்களில் இரண்டு பேருக்கு வன்னியில் சொந்தம் இருந்தது. அவர்களைப் பின்னால் போய் நிற்கச் சொல்லிவிட்டு, இந்த மேசையை நானே பார்க்கிறேன் என்றேன். போத்தலை எடுத்துக்கொண்டு குசினி வழியாக வந்தபோது புஸ்பம் அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"அது ஆருக்குத் தம்பி?"

சொன்னேன்.

வெளியே வெடிச் சத்தம் கேட்டது. அது ஓயும் வரை காத்திருந்துவிட்டு அவர் சொன்னார். "வருசக்கணக்காக் கிடந்த சாமான்தானே. கெட்டுப் போச்செண்டு சொல்லுங்க. ஆருக்குத் தெரியப்போகுது? இஞ்ச வச்சு அத உடைக்காதீங்க, தம்பி."

அவர் என்னிடம் அதற்கு முன் தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை.

அவர் கேட்டது நடக்காத காரியமும் இல்லை. அந்த ரகம் நெடுநாள் வைத்திருக்கச் செய்தது அல்ல. எங்கள் வெக்கையில், கரண்ட் போய்ப் போய் வருகிற கட்டடத்தில் கிடந்தது. கெட்டிருப்பதற்குத்தான் சாத்தியம் கூட. கெட்டிருந்தால் நனைந்த சாக்கு மாதிரி மணக்கும். நுரை செத்துப் போயிருக்கும். பழைய போத்தலைப் பரிமாற முன் உள்ளே திறந்து ருசி பார்ப்பது என் வேலை. கெட்டது என்று நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் தக்கையைக் கழற்றினேன்.

கிளாஸில் கொஞ்சம் ஊற்றினேன். நிறம் பொன்னாக அடர்ந்திருந்தது. குமிழிகள் முன்னையைவிடப் பொடிப்பொடியாக, ஒழுங்காக ஏறின. மணந்து பார்த்தேன். ஒரு மிடறு வாயில் வைத்தேன். மாங்காய்ப் புளிப்பு அடங்கி, வறுத்த முந்திரிப் பருப்பு மாதிரி, கொஞ்சம் தேன் மாதிரி வந்திருந்தது. நான் அந்தச் சரக்கில் குடித்தவற்றில் அதுதான் சிறந்தது. அதை வாயில் வைத்துக்கொண்டு புஸ்பம் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டி இருந்தது.

அந்த நேரத்தில் என் மனசில் என்னென்ன ஓடியது என்று நேர்மையாகச் சொல்கிறேன். பயம் இருந்தது. மாத்தையா வேறு யாரையாவது ருசி பார்க்கச் சொன்னால் என்ன செய்வது என்று யோசித்தேன். அந்த அக்காவுக்காக ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்றும் யோசித்தேன். ஆனால் என் வாயை நம்பித்தான் அந்த ஹோட்டலில் அத்தனை மேசைக்கும் சாப்பாடும் குடியும் போனது. அது எங்கள் ஆளின் மேசை, இது அவர்கள் ஆளின் மேசை என்று பார்த்து ருசி சொல்லத் தொடங்கினால், பிறகு நான் நல்லது என்று சொல்வதை யார் நம்புவது? நானே நம்ப மாட்டேன்.

"நல்லாத்தான் இருக்கக்கா" என்றேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு மீன் பக்கம் திரும்பிவிட்டார்.

மேசைக்குப் போய் எல்லாருக்கும் ஊற்றினேன். அதில் ஒரு இளம் ஆள் எழும்பிக் கிளாஸை உயர்த்தி, வெற்றிக்கு என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். மாத்தையா அவருடைய தோளைத் தொட்டு இருக்கச் சொன்னார். இது அதற்காக இல்லை என்றார். தன் மகன் அங்கே ஆமியில் இருக்கிறான், மாதக்கணக்காகச் சத்தமே இல்லை, இன்றைக்குக் காலையில் போனில் கோல் எடுத்தான், உயிரோடிருக்கிறான், என்றார். யாரும் கிளாஸை முட்டவில்லை. அப்படியே குடித்தார்கள்.

நான் குசினிக்குத் திரும்பினேன். இதைப் புஸ்பம் அக்காவிடம் சொல்வதா, விடுவதா? சொன்னால் புண்ணில் குத்துவது போல. சொல்லாவிட்டால், தன் பிள்ளை செத்ததற்குத்தான் உள்ளே குடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அவர் அந்த நாளைக் கழிப்பார். சொன்னேன்.

நெடுநேரம் மீன் துண்டுகளைக் கழுவிக்கொண்டே நின்றார். தண்ணீர் நிரம்பி வழிந்தது. பிறகு கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசாம்?"

எனக்குத் தெரியாது என்றேன். போய்க் கேட்டுவரச் சொன்னார்.

போய்க் கேட்டேன். மாத்தையா வயசைச் சொல்லிவிட்டு, ஏன் கேட்கிறீர்கள் என்றார். குசினியில் ஒரு அம்மா கேட்கிறா, அவவுடைய மகனும் அங்கேதான் இருந்தவன், அந்தப் பக்கம், என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு வார்த்தை போதும், ஆளைக் கொண்டுபோக.

மாத்தையா கிளாஸை வைத்துவிட்டு எழும்பிக் குசினிப் பக்கம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். அவர் உள்ளே போகவில்லை. வாசல் நிலையடியில் நின்றார். தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"அம்மா, மகன் பேர் என்ன?"

புஸ்பம் அக்கா ஈரக் கையைச் சீலையில் துடைத்தார். முகத்தைத் தூக்காமல், "குகன்" என்றார்.

"குகன்" என்று அவர் திருப்பிச் சொன்னார். சரியாக வரவில்லை. இன்னொரு தரம் சொன்னார். புஸ்பம் அக்கா தலையாட்டினார். அவ்வளவுதான் அங்கே நடந்தது. மாத்தையா திரும்பிப் போய் மேசையில் இருந்தார். போத்தலில் மிஞ்சியதை யாரும் கேட்கவில்லை.

மாத்தையா மகனிடம் சொல்லி விசாரித்தார். வவுனியாவில் சனத்தை வைத்திருந்த முகாம்களுக்கும் ஆள் அனுப்பினார். ஒன்றும் தெரியவரவில்லை. அதை அவர் என்னிடம் சொல்லி அனுப்பவில்லை. குசினி வாசலுக்குத் தானே போய், கிடைக்கவில்லை அம்மா என்று சொன்னார். பாதை வேலை முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார்.

புஸ்பம் அக்கா அதற்குப் பிறகு என்னோடு கொஞ்ச நாள் அளவாகத்தான் கதைத்தார். எனக்கு அது விளங்கியது. நான் ஒன்றும் விளக்கம் சொல்லப் போகவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காலை அவர் களுதாவளைக்கு என் வீடு தேடி வந்தார். சீலைத் தலைப்பில் ஒரு படத்தைச் சுற்றி வைத்திருந்தார். உங்கள் மகன் இரகசியமான ஒரு இடத்தில் அடைபட்டிருக்கிறான், காசு தந்தால் வெளியே எடுக்கலாம் என்று யாரோ ஒருவன் கொடுத்த படம். அந்தக் காலத்தில் இப்படிப் படங்களோடு திரிந்தவர்கள் பல பேர். சுவர் ஓரமாக நிற்கிற, மெலிந்த ஒரு பையனின் மங்கலான படம் அது.

வீட்டில் எல்லாரும் அவன்தான் என்கிறார்கள் என்றார். தன் தங்கச்சி அவன்தான் என்கிறாள், பக்கத்து வீட்டுக்காரர் அவன்தான் என்கிறார்கள். காணியை ஈடு வைக்கலாம் என்று தன் தம்பி சொல்கிறான்.

"எனக்கு மனம் நோகக் கூடாதெண்டு சொல்லுறாங்க, தம்பி. நீங்க அப்பிடிச் சொல்ல மாட்டீங்க. அண்டைக்கு நான் கும்பிடாத குறையாக் கேட்டும் நீங்க பொய் சொல்லல்ல. இதப் பாத்துச் சொல்லுங்க."

குகனை எனக்குத் தெரியும். பள்ளி விட்டதும் ஹோட்டல் பின்வாசலில் வந்து தாயிடம் சாப்பாடு வாங்கிக்கொண்டு போகிற பிள்ளை. படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. காதின் அமைப்பு வேறு. நாடி வேறு. கண்ணைச் சுற்றி ஒன்றுமே அவனுடையதாக இல்லை.

"இது அவன் இல்லக்கா" என்றேன்.

அவர் படத்தை வாங்கித் திரும்பவும் சீலைத் தலைப்பில் சுற்றினார். என் மனைவி கொடுத்த தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். தனக்கும் அப்படித்தான் பட்டது, ஒரு ஆள் வாயால் கேட்க வேண்டியிருந்தது என்றார். நான் சேட்டைப் போட்டுக்கொண்டு அவரோடு பஸ் எடுக்கிற இடம் மட்டும் நடந்துபோனேன். பஸ் வரும் வரை இரண்டு பேரும் நின்றோம்.